நிற்பேன் என்று சொன்ன இடம்

அந்த உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு ஒரு நாளும் பிந்தாமல் வந்தவர் ஸெய்னுதீன் ஒருவர்தான். திங்கள், புதன், வியாழன் என்றால் காலை எட்டே முக்காலுக்கு டியூஷன் வாசலின் வாகை மரத்தடியில் அவருடைய மோட்டார் சைக்கிள் நிற்கும். அவருடைய மகள் றிஷானாதான் அந்த வகுப்புக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

பெண்பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு, முடியும்வரை வாசலில் தவம் கிடக்கிற தகப்பன்மார் கூட்டம் ஒன்று திருகோணமலையில் எல்லா டியூஷன் கொட்டிலுக்கும் உண்டு. வெயில் சுடச்சுட மரநிழலோடு சேர்ந்து அவர்களும் நகருவார்கள். ஒருவர் கொண்டுவந்த பேப்பரை ஒன்பது பேர் வாசிப்பார்கள். கீழே உள்துறைமுகத்தில் மூன்று வாரமாக ஒரு சீமெந்துக் கப்பல் நங்கூரம் போட்டுக் கிடந்தது. அது எப்போது போகும் என்பதுதான் அந்தப் பாராளுமன்றத்தின் பெரிய விவாதம்.

"நாளைக்குப் போகும் தம்பி, எழுதி வையுங்கோ" என்பார் லிங்கநகர் ஆனந்தராசா. தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், மகள் கீர்த்தனியை அங்கே படிப்பிக்கிறார்.

"போகாது அண்ணன். எஞ்சினில கோளாறு. புகையைப் பார்த்தா தெரியும்" என்பார் ஸெய்னுதீன். கிண்ணியாவில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர் அவர். எஞ்சின் விஷயத்தில் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மற்ற விஷயங்களில் அந்த மரத்தடியில் அவர் சொன்னதெல்லாம் பொய்.

உண்மை இதுதான். காலை எட்டே காலுக்கு அவர் றிஷானாவை ஆஸ்பத்திரிப் பின்வளவில் இருக்கிற மனநலப் பகல் பிரிவில் கொண்டுபோய் விடுவார். காலையில் போய் மதியம் ஒரு மணிக்கு வீடு திரும்புகிற சிகிச்சை அது. மருந்து பார்ப்பார்கள், வட்டமாக இருந்து கதைப்பார்கள், படம் கீறுவார்கள், பாத்தியில் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு வாரம் வார்ட்டில் வைத்துப் பார்த்த டாக்டர் அம்மா, "இனி இரவில வீட்டில இருக்கட்டும், வாரத்தில மூன்று நாள் பகலில கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

றிஷானாவுக்குப் பதினாறு வயது. ஓ.எல் என்கிற சாதாரணதரப் பரீட்சையில் மூன்று பாடம் எழுதினாள். நாலாம் நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அதற்கு முதலே சோறு குறைந்து, கதை குறைந்து, தலை வாருவது நின்று போயிருந்தது. படிப்புக் களைப்பு என்றுதான் தாய் பரீனா நினைத்தாள். ஒரு நாள் பின்னேரம் சிக்குப் பிடித்த முடியைப் பிரிக்க ஏலாமல் பரீனா கத்திரிக்கோலை எடுத்தபோது, அந்தப் பிள்ளை தடுக்கவில்லை, அழவில்லை. "எல்லாத்தையும் வெட்டுங்க உம்மா. எனக்கு ஒண்டும் வேணாம்" என்றாள். ஸெய்னுதீன் குசினி வாசலில் நின்று அதைக் கேட்டார்.

ஓதிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். மௌலவி நல்ல மனிதர். ஓதினார், தண்ணீரும் கொடுத்தார், கொடுத்துவிட்டு, "இதோட நிக்காதீங்க. டாக்டரிட்ட காட்டுங்க. சுகம் தாறவன் அல்லாஹ், மருந்தும் அவன் தந்ததுதான்" என்றார். அதனால்தான் காலதாமதம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த மனிதருக்கு ஸெய்னுதீன் இன்றைக்கும் துஆச் செய்கிறார்.

மருந்து எடுக்கத் தெரிந்த குடும்பத்துக்கு அதை வெளியே சொல்லத் தெரியவில்லை. பரீட்சை ஏன் எழுதவில்லை என்று ஊர் கேட்டது. "டெங்கு" என்றாள் பரீனா. டெங்கு கௌரவமான நோய், யாருக்கும் வரும். நுளம்பும் நான் கடிக்கவில்லை என்று சாட்சி சொல்ல வராது. பிறகு, வாரத்தில் மூன்று நாள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சித்தி பரீதா கேட்டாள். "டவுனில ஏ.எல் கிளாஸ் தொடங்கிட்டுது. பரீட்சையைப் பிறகு எழுதலாம், படிப்பை ஏன் விடுவான்?" என்றாள் பரீனா. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். டியூஷன் என்கிற மூடி எங்கள் ஊரில் எந்த உலைக்கும் பொருந்தும்.

முதல் நாள் பகல் பிரிவு வாசலில் றிஷானா உள்ளே போக மாட்டேன் என்று நின்றாள். அவள் பயந்தது ஊசிக்கோ மருந்துக்கோ இல்லை.

"வாப்பா, நீங்க வெளிய இருப்பீங்களா?"

"இருப்பன் மகள்."

"எங்க?"

கண்ணுக்குப் பட்ட இடத்தைக் காட்டினார். முன் யன்னலுக்கு நேரே, சுவரோரம் ஆட்கள் குந்துகிற ஒரு சீமெந்து வாங்கு. "அந்தா அந்த வாங்கில. நீ எப்ப வந்து பார்த்தாலும் நான் அதிலதான் இருப்பன்."

அவள் அந்த வாங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் போனாள்.

மூன்று கிழமை ஸெய்னுதீன் சொன்ன சொல் தவறவில்லை. வெயில் ஏறினாலும் அந்த வாங்கை விட்டு அசையமாட்டார். நாலாம் கிழமை ஒரு திங்கட்கிழமை, பல் பிடுங்க வந்த லாபிர் வழி தவறி அந்தப் பின்வளவுக்குள் வந்துவிட்டான். லாபிர் கிண்ணியாக்காரன், ஸெய்னுதீனை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன். டவுனில் அந்த டியூஷன் வாசலிலேயே போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, சித்தி பரீதாவின் உடன்பிறந்த தம்பி.

"என்ன காக்கா, இஞ்ச? ஆருக்குச் சுகமில்ல?"

"கால்ல புண். மருந்து கட்ட வந்தனான்."

"இது விசர்... இது மனநோய்ப் பக்கமெல்லோ. மருந்து கட்டுறது முன்னுக்கு" என்று லாபிர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போய், மருந்து கட்டுகிற வரிசையில் விட்டுவிட்டுத்தான் பல் பிடுங்கப் போனான். ஒரு புண்ணும் இல்லாத காலோடு ஸெய்னுதீன் அந்த வரிசையில் கால் மணித்தியாலம் நின்றார். லாபிர் பாதியில் விழுங்கிய அந்தச் சொல் முழுதாக அவர் தொண்டையில் குத்திக்கொண்டு நின்றது. அதை ஊர் தன் பிள்ளைக்குப் பட்டப்பெயராக வைத்துவிடும் என்று அவருக்கு நடுக்கம். நாளைக்கு ஒரு கலியாணம் பேச ஏலுமா?

அன்றைக்கு எடுத்த முடிவுதான் மரத்தடி. பிள்ளையை ஆஸ்பத்திரியில் விடுவது, நேரே டியூஷன் வாசலுக்கு வந்து லாபிரின் கண்ணுக்கு முன்னால் பன்னிரண்டரை வரைக்கும் குந்தியிருப்பது, பிறகு ஓடிப்போய் வாங்கில் இருப்பது. வகுப்பில் நானூறு பிள்ளைகள். பெண்பிள்ளைகளுக்குப் பின் ஒழுங்கையால் தனி வாசல். றிஷானாவைக் காணவில்லை என்று யார் தேடப் போகிறார்கள்? பகல் பிரிவில் அவள் இருக்கிற அறை மற்றப் பக்கம் பார்த்தது. மூன்று கிழமையில் ஒரு தரம்கூட அவள் வெளியே வந்து பார்த்ததில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. ஸெய்னுதீனின் புளுகு ஐந்து கிழமை நின்று பிடித்தது. அதற்குத் தீனி போட அவர் பட்ட பாடுதான் பெரிய பாடு. சித்தி பரீதாவுக்குத் தன் மகள் சுஹைராவையும் அதே வகுப்பில் சேர்க்க ஆசை. "ஒரு டியூட்டைக் காட்டுங்க பாப்பம்" என்று கேட்டாள். டியூட் என்றால் வகுப்பில் கொடுக்கிற குறிப்புத்தாள், மேலே வகுப்பின் பெயரும் அன்றைய திகதியும் அடித்திருக்கும். கீர்த்தனியின் டியூட்டை ஆனந்தராசாவிடம் இரவல் வாங்கி, லாபிரின் கடையிலேயே பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். ஒரு நாள் இரண்டாம் பக்கத்தைக் காணோம். டவுன் தெருவில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று, மோட்டார் சைக்கிள் பையில் தலையை விட்டு இரசாயனவியலில் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது.

"மான் திண்டுட்டுது" என்றார் ஸெய்னுதீன்.

"தர விருப்பமில்லாட்டி நேரே சொல்லுங்க" என்று சித்தி பரீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அவளுக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

இதற்கிடையில் றிஷானா கொஞ்சம் கொஞ்சமாக அசையத் தொடங்கியிருந்தாள். பழுதான எஞ்சின் கயிற்றை நூறு தரம் இழுத்த பிறகு ஒரு தரம் 'டுக்' என்று ஒரு சத்தம் தருமே, அந்தளவுதான். ஒரு காலை தானே தலை வாரினாள். ஒரு நாள் இடியப்பத்தில் மூன்று தின்றாள். பரீனா அதைக் குசினியில் நின்று எண்ணிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலாவதை அவிக்கப் போனாள். அடுத்த நாள் றிஷானா திரும்பவும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பகல் பிரிவின் ஆண் தாதி சுகிர்தன் முதலே சொல்லியிருந்தார்: "ஏறும், இறங்கும். இறங்கினா பயப்படாதீங்கோ. வாறதை மட்டும் நிப்பாட்டாதீங்கோ. இஞ்ச வாறதை விட்டா, திரும்பத் தொடங்குறது கஷ்டம்." ஸெய்னுதீன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் வந்துகொண்டிருக்க வேண்டும். அவருக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஒரு வியாழன் வீடு திரும்புகிற வழியில், கிண்ணியாப் பாலத்து நடுவில் அவள் முதுகில் தட்டினாள்.

"வாப்பா, நிப்பாட்டுங்க."

பதறிப்போய் நிப்பாட்டினார். அவள் இறங்கிப் பாலத்து விளிம்பில் போய் நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கீழே தண்ணீரைப் பார்க்கவில்லை, அக்கரையில் துறையடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சதானா பாதை ஓடின?"

பாலம் திறந்த வருஷம் பிறந்தவள் அவள். அதற்கு முதல் ஆட்களையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடந்த தட்டையான மிதவையைத்தான் ஊரில் பாதை என்பார்கள். ஏழு வயதில் இதே மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தாங்கியில் குந்தியிருந்து, பாலம் முடியும்வரை ஆயிரம் கேள்வி கேட்ட வாய் அது. எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் தன் நோயைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டிருக்கிறது. ஸெய்னுதீன் அந்தக் கேள்வியை விட மனமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

தொண்ணூற்றாறில் அவர் டவுனில் ஏ.எல் படித்த காலம். காலையில் பாதையில் போய்ப் பின்னேரம் பாதையில் வருவது. பாதையில் மீன்கூடையும் தயிர்ச்சட்டியும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே நெருக்கம். யாருடைய தயிர் யாருடைய சட்டையில் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வழக்கு. யுத்த காலம், சோதனைச்சாவடியில் இறங்கி ஏற வேண்டும், பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளும் அக்கரையில் ஒரு கறுப்புக் குடை தெரியும். அவருடைய வாப்பா. இரவெல்லாம் கடலில் வலை போட்டுவிட்டு வந்த மனிதர், பகலில் நித்திரை கொள்ளவேண்டிய மனிதர், நாலு மணிக்கு வந்து துறையடியில், நிழல் மரங்களை விட்டு வெயிலில் நிற்பார். குடை கையில் மடித்தபடி இருக்கும். மகன் இறங்கி வந்த பிறகுதான் விரிப்பார். ஒரு நாள் எங்கேயோ சுற்றிவளைப்பு என்று பாதையை நிப்பாட்டிவிட்டார்கள். நாலு மணிக்கு வரவேண்டிய ஸெய்னுதீன் ஆறரைக்கு வந்து இறங்கினார். வாப்பா அதே இடத்தில் நின்றார்.

"ஏன் இவ்வளவு நேரம் எண்டு கூடக் கேக்கல்ல மகள். 'வந்துட்டியா, வா' எண்டு குடையை விரிச்சார். அவ்வளவுதான்."

றிஷானா கேட்டாள்: "ஒரு நாளும் போகாம நிண்டாரா?"

"ஒரு நாளும்."

அவள் பின்னால் ஏறிக் குந்தினாள். அன்று காலை முழுக்கத் தான் வாகை மரத்தடியில் இருந்தது ஸெய்னுதீனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நானும் பிள்ளைக்காகத்தானே அங்கே காத்திருக்கிறேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அடுத்த புதன்கிழமை கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. பத்தரை மணியிருக்கும். லாபிர் கடைக்கு வெளியே வந்து, பிளேன்டீயை உறிஞ்சியபடி ஸெய்னுதீனுக்குப் பக்கத்தில் நின்றான். ஆனந்தராசா கப்பலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஸெய்னுதீனின் போன் அடித்தது. பகல் பிரிவின் இலக்கம்.

எடுத்தால் "சுகிர்தன் கதைக்கிறன், பகல் பிரிவில இருந்து" என்று லாபிரின் காதுக்கும் கேட்கும். ஸெய்னுதீன் போனை வெட்டினார். இரண்டாம் தரம் அடித்தது. இரண்டாம் தரமும் வெட்டினார். தன்னுடைய வாழ்க்கையில் செய்த எல்லாப் பிழைகளிலும் அந்த இரண்டு விரல் அசைவுதான் பெரிய பிழை என்று அவர் பிறகு பரீனாவிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து, தெரு முனையில் ஒரு பிள்ளை வெயிலில் நடந்து வருவது தெரிந்தது. கறுப்பு அபாயா, நெஞ்சோடு அணைத்த ஆஸ்பத்திரி நீலக் கோப்பு. யாரோ ஒரு பிள்ளை என்றுதான் முதலில் பார்த்தார். கிட்ட வந்த பிறகுதான் தன்னுடைய பிள்ளை என்று தெரிந்தது.

அவள் நேரே மரத்தடிக்கு வந்து அவர் முன்னால் நின்றாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. அவள் தேடி அலைந்து வரவில்லை, இடம் தெரிந்து வந்திருந்தாள். ஸெய்னுதீனுக்கு அப்போதுதான் விளங்கியது. மோட்டார் சைக்கிள் பையில் கிடந்த டியூட்டுகளில் வகுப்பின் பெயரும் இருந்தது, திகதியும் இருந்தது. எல்லாம் திங்கள், புதன், வியாழன். அவள் எப்போதோ கணக்குப் போட்டு முடித்திருக்கிறாள். பாலத்தில் நின்று "ஒரு நாளும் போகாம நிண்டாரா" என்று கேட்டது, தெரிந்துகொண்டு கேட்ட கேள்வி.

லாபிர்தான் முதலில் வாய் திறந்தான். "என்ன மகள், கிளாஸ் அதுக்குள்ள முடிஞ்சுதா?"

றிஷானா தகப்பனைப் பார்த்தாள். அவருடைய முகத்தில் என்ன கண்டாளோ தெரியாது. கோப்பில் இருந்த ஆஸ்பத்திரிப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"இல்ல மாமா. தலையிடி. கிளாஸ் சேரிட்ட சொல்லிட்டு வந்தனான்" என்றாள்.

பல் துலக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளை. காலையில் கட்டிலில் இருந்து காலைக் கீழே வைப்பதற்கு அரை மணித்தியாலம் போராடுகிற பிள்ளை. சேர்த்து வைத்திருந்த ஒரு பிடிப் பலத்தையும் எடுத்து, தகப்பனுடைய பொய்யைத் தூக்கிச் சுமக்கிறது. ஸெய்னுதீனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஊர் என்ன சொல்லும் என்கிற வெட்கம் இல்லை இது. இது வேறு வெட்கம்.

எழும்பினார். "மகள், நான் சொல்லட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். "உனக்கு விருப்பமில்லாட்டி வேணாம்."

அவள் கோப்பில் இருந்த கையை எடுத்தாள்.

"லாபிர், இவ இந்த வகுப்பில படிக்கல்ல. ஒரு நாளும் படிக்கல்ல. ஆஸ்பத்திரிக்குப் போறவ. மனச்சோர்வு எண்டு ஒரு வருத்தம். டெங்கும் இல்ல, ஒண்டும் இல்ல. என்ட கால்லயும் புண் இல்ல. நான் இருக்கிறன் எண்டு இவக்குச் சொன்ன இடம் இது இல்லடா தம்பி. உன்ட கண்ணுக்குப் பயந்து இஞ்ச வந்து இருந்திட்டன்."

லாபிரின் கையில் பிளேன்டீ அப்படியே நின்றது. ஆனந்தராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். பிறகு றிஷானாவிடம், "வெயிலுக்குள்ள நடந்து வந்திருக்கிறீங்கள் பிள்ளை. தண்ணி குடியுங்கோ" என்று தன் போத்தலை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.

மோட்டார் சைக்கிளில் ஏறுமுன் அவள் சொன்னாள்: "வீட்ட போவம் வாப்பா. நான் இனி அங்க வரல்ல."

இந்தச் சொல்லுக்குத்தான் அவர் எட்டுக் கிழமையாகப் பயந்தார். அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை. "பொய் சொல்லிட்டன் மகள். என்னை மன்னிச்சுக்கொள்" என்றார். தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை, அக்கம்பக்கத்திலும் இல்லை. அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "ஒரு தரம் வாசல் மட்டும் போவம். உள்ள போறதும் விடுறதும் உன்ட விருப்பம். நான் வாங்கில இருக்கப் போறன். நீ வீட்ட போனாலும் நான் ஒரு மணி வரைக்கும் அதில இருந்துட்டுத்தான் வருவன்."

வாசலில் சுகிர்தன் நின்றுகொண்டிருந்தார். கையில் போன், நெற்றியெல்லாம் வியர்வை. பிள்ளையைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். அவள் கேட்காத தூரத்துக்கு ஸெய்னுதீனைக் கூட்டிக்கொண்டு போனார்.

"ரெண்டு தரம் எடுத்தனான், நீங்கள் வெட்டிப்போட்டீங்கள். இண்டைக்குக் குழுவில ஒரு கேள்வி கேட்டனான். மனசு இருண்டு வரேக்க ஆரிட்டப் போய்ச் சொல்லுவீங்கள் எண்டு. எட்டுக் கிழமையா வாய் திறக்காத பிள்ளை, இண்டைக்குத்தான் முதல் முதல் கை உயர்த்தினவ. 'வாப்பாட்ட' எண்டு சொன்னவ. சொல்லிப்போட்டு, 'இருங்க சேர், ஒருக்காப் பார்த்துட்டு வாறன்' எண்டு வெளியில வந்தவ. உங்களைக் கன்டீனில பார்க்கப் போறா எண்டுதான் நினைச்சனான்."

ஸெய்னுதீன் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆம்பிளை, ஐம்பதை நெருங்குகிற மனுசன், ஆஸ்பத்திரி வளவில் நின்று விக்கி விக்கி அழுதார். அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தபோது வாசலில் றிஷானா இல்லை. பதறிப் போனார். படியில் அவளுடைய செருப்பு கிடந்தது.

போய் வாங்கில் இருந்தார்.

ஊர் கதைக்காமல் விட்டதா? கதைத்தது. கிண்ணியா கதைக்காமல் இருக்க அது என்ன ஊமையா? இரண்டு பேர் ஜின் என்றார்கள், ஒருவர் காதல் என்றார். பரீனா மூன்று நாள் வேலிப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் சித்தி பரீதா ஒரு கையில் கோப்பை நிறைய வட்டிலப்ப இனிப்பும் மறு கையில் அந்த டியூட் கட்டுமாக வந்தாள். டியூட்டை மேசையில் வைத்தாள். "இதுக்காகவா என்ட வாயை இப்பிடி அடைச்ச நீ?" என்று பரீனாவைத் திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். போகும்போது, "அந்த மான் கதையும் பொய்தானே?" என்று கேட்டாள். அது மட்டும் உண்மை என்று பரீனா சத்தியம் பண்ணியும் அவள் நம்பவில்லை. உள்ளறையில் றிஷானா சிரித்தாள். சின்னச் சிரிப்புத்தான். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு தாய்மாரும் மூச்சுக் காட்டாமல் நின்று கேட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஸெய்னுதீனின் வாங்குக்குப் பக்கத்தில் ஒருவன் வந்து குந்தினான். லாபிர். கடையை ஒரு மணித்தியாலம் பூட்டிவிட்டு வந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த பேப்பரை நடுவால் பிரித்துப் பாதியை ஸெய்னுதீனிடம் கொடுத்தான்.

"கப்பல் போயிட்டுது காக்கா. ஆனந்தராசா அண்ணன் உங்களுக்குச் சொல்லச் சொன்னார். எஞ்சின்தான் கோளாறாம்."

"நான் சொன்னனானே" என்றார் ஸெய்னுதீன்.

லாபிர் போன பிறகு வெயில் ஏறியது. பதினொரு மணிக்குப் பிறகு அந்தச் சுவரோரம் துளி நிழல் இருக்காது. சீமெந்து வாங்கு அடுப்பு மாதிரிச் சுடும். பத்தடி தள்ளி ஒரு வேம்பும் அதன் கீழ் ஒரு மரவாங்கும் உண்டு. ஸெய்னுதீன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தலையில் கைலேஞ்சித் துணியைப் போட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் இருந்தார். துறையடியில் நின்ற வாப்பாவின் நினைவு வந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். கையில் குடை மடித்தபடி இருக்கும். பாதையில் இருந்து பார்க்கிற மகனுக்கு நின்ற இடம் மாறாமல் தெரிய வேண்டும் என்று நின்ற மனிதர்.

பகல் பிரிவின் கதவு திறந்தது. றிஷானா வெளியே வந்தாள். கையில் இரண்டு பிளாஸ்ரிக் கோப்பையில் தேத்தண்ணி. சிந்தாமல், ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தாள். ஒன்றை அவரிடம் நீட்டினாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள், தலையில் கிடந்த லேஞ்சியைப் பார்த்தாள், பிறகு வேம்பைப் பார்த்தாள்.

"ஏன் வாப்பா வெயிலுக்குள்ள இருக்கிறீங்க?"

"இதிலதானே இருப்பன் எண்டு சொன்னனான்."

"அந்த மரத்துக்குக் கீழ போய் இருங்க. நான் பார்த்துக்கொள்ளுவன். வாங்கில உங்களக் காணாட்டி, அங்க இருக்கிறீங்க எண்டு எனக்குத் தெரியும்தானே."

சொல்லிவிட்டு அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். ஸெய்னுதீன் தேத்தண்ணியை ஏந்திக்கொண்டு எழும்பி, வேப்ப நிழலுக்குப் போய் இருந்தார். காற்று வந்தது. இரண்டு வருஷம், ஒவ்வொரு பின்னேரமும், அந்தத் துறையடியில் அவ்வளவு நிழல் மரம் இருந்தும், தள்ளி நில்லுங்க வாப்பா, நான் தேடி வருவன் என்று ஒரு நாளாவது அவர் தன் வாப்பாவுக்குச் சொன்னதில்லை.